எட்டுப் புள்ளி இரண்டு

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின்
ஷார்ஜாவிலிருந்து போன் வரும்.
முதலில் தண்ணீரைத்தான் விசாரிப்பார்.
"ஆல்க் எவ்வளவு?"
பிறகு கால்சியம், பிறகு மெக்னீசியம்.
பிறகு, கார்டில் காசு மிஞ்சினால், பிள்ளை.

கீழக்கரையில் எங்கள் நடுக்கூடத்தில்
நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி.
போன லீவில், பில்லும் கையுமாக
அவர் வாங்கி வைத்த பவளம்
என் சுண்டுவிரலில் பாதி.
அதன் தலைக்கு மேலே மார்க்கரால் கோடு கிழித்து
"இதைத் தாண்டணும் சுபைதா" என்று சொல்லிவிட்டு
விமானம் ஏறினார்.

பதினாலு மாதம் தாண்டவில்லை.

விளக்கு பற்றாது என்றார்.
இரண்டு அங்குலம் இறக்கினேன், முனை வெளுத்தது.
ஏற்று என்றார்.
ஏற்றினேன், வெந்தயம் போலப் பழுத்தது.
ஓட்டம் சரியில்லை என்றார்.
பம்பைத் திருப்பி வைத்தேன்,
இரண்டு நாள் மணற்புயல்.
பாஸ்பேட்டாக இருக்கும், தீனியைப் பாதியாக்கு என்றார்.
கோமாளி மீன்கள் இரண்டும்
கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு
நான் சோறு தின்பதைப் பார்த்தன.

ஆல்க் ஏழு என்றால், கூட்டு.
ஒன்பது என்றால், நிறுத்து.
சோதனைக் குழாயில் நீலம் மஞ்சளாகும்வரை
மூச்சைப் பிடித்துச் சொட்டு எண்ணுவேன்.
தஸ்பீஹ் மணிகூட
இத்தனை பயத்தோடு உருண்டதில்லை.

தெருவைக் கடந்து ஐந்து நிமிடம் நடந்தால் கடல்.
அப்பா தீவுப் பக்கம் பாரில்
தன்பாட்டுக்கு வளர்ந்து கிடக்கிறது என்பார்
மீன் கொண்டுவரும் சூசையப்பர்.
அதில் ஒரு கொப்பை ஒடித்தால் கேஸ்.
எங்கள் வீட்டுச் சுவரோ முழுக்கப் பவளக்கல்.
சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில்
நட்சத்திரம் நட்சத்திரமாய்த் துளைகள் தெரியும்.
யார் போன் பண்ணி வளர்த்ததோ.

கச்சான் காற்று தொடங்கிய ஜூனில்
சோதனை மருந்து தீர்ந்துவிட்டது.
ராமநாதபுரத்தில் கிடைக்காது,
மதுரையிலிருந்து வரப் பத்து நாள்.
அந்த வெள்ளியும் போன் அடித்தது.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:
"எட்டுப் புள்ளி இரண்டு."

"மாஷா அல்லாஹ்" என்றார்.
ஏற்று இறக்கு என்று எதுவும் சொல்லவில்லை.
சொல்ல ஒன்றுமில்லாமல் போனதால்
ரிஃபாயுக்குப் பல் விழுந்த கதையை
முழுசாகக் கேட்டார்.
எந்தப் பல், எங்கே போட்டீர்கள், ரத்தம் வந்ததா.

மருந்து வந்தது. பிரிக்கவில்லை.
ஃபஜ்ருக்குப் பின் ஒரே மூடி, ஒரே அளவு.
விளக்கை நான் தொடவில்லை,
பம்பையும் தொடவில்லை.
மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி.
வாராவாரம் எட்டுப் புள்ளி இரண்டு.
"ஆச்சரியமா இருக்கே, அசையவே மாட்டேங்குது."
"ஆமா மச்சான்."

ஒன்பதாம் வாரம்
முனையில் வெள்ளையாய் ஒரு புள்ளி.
மறுபடி வெளுக்கிறதென்று நெஞ்சு அடித்துக்கொண்டது.
பிள்ளையின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன்.
வெளுப்பில்லை.
நகத்தடியில் பிறை ஏறுவதுபோல்
புதுசாய் ஏதோ.

அன்று ராத்திரி பயந்துபோய்
மருந்தைப் பிரித்து அளந்தேன்.
ஏழு புள்ளி ஆறு.
மறுநாள் அளந்தேன், ஏழு புள்ளி ஆறு.
வெள்ளியன்று அளந்தேன். அதேதான்.
குப்பியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு
எட்டுப் புள்ளி இரண்டு என்றேன்.

டிசம்பரில் வருகிறாராம்.
"கோட்டைத் தாண்டிருச்சா?" என்று நேற்றுக் கேட்டார்.
கண்ணாடி துடைக்கும்போது
கோடு அழிந்துபோச்சு என்றேன்.
அது மட்டும் பொய்யில்லை.
நான்தான் துடைத்தேன்.